கப் வண்டிக்கு ஒரு நாதப் பெட்டி

வெறும் சோடாப் போத்தலின் வாயிலே கீழுதட்டைப் பொருத்தி ஊதி, கப்பற் சங்கு போன்ற ஓர் ஓசையை எழுப்பி மகிழாத பிள்ளையை நாம் கண்டதில்லை. போத்தலிற் பாதிக்குத் தண்ணீர் நிரப்பி ஊதினால் ஓசை உயர்கின்றது. தண்ணீரைக் கொட்டிவிட்டு ஊதினால் மீண்டும் தாழ்கின்றது. இவ்விளையாட்டின் கணக்கை உயர்தர வகுப்பு மாணவருக்கு இருபது ஆண்டுகளாகக் கற்பித்து வருகின்றோம். அதே கணக்கைக் கரும்பலகையில் அன்றி மரப்பலகையிற் செய்யப் போய் நாம் பிழைவிட்டதையும், அப்பிழை எங்கே ஒளிந்திருந்தது என்பதையும் இங்கே சொல்லுவோம். வீட்டிலே பௌதிகவியல் படிக்கும் பிள்ளைகள் இருப்பின் அவர்களையும் அருகிலே அழைத்து வைத்துக்கொண்டு வாசிப்பது நலம்.

சென்ற ஆண்டு விடுமுறையிலே, எம்மிடம் முன்னர் படித்த இளைஞர் ஒருவர் வீடு தேடி வந்தார். பௌதிகவியலிற் சித்தியெய்தாமையால் படிப்பை விட்டவர். இப்பொழுது பழைய கப் வண்டி ஒன்றை வாங்கி, யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்குமிடையே சாமான் ஏற்றி இறக்கிக் குடும்பத்தைத் தாங்கி வருகின்றார். கையிலே பத்து அங்குல விட்டமுள்ள, புத்தம்புதிய சப்வூபர் ஒலிபெருக்கி ஒன்று இருந்தது. பல மாதச் சேமிப்பு அது என்பதை, அவர் அதனைக் குழந்தையைப் போல் ஏந்தியிருந்த பாங்கே காட்டிற்று.

“சேர், இரவிரவாய் ஓடுறனான். பாட்டுத்தான் நித்திரையைக் கலைக்கிறது. வண்டியிலை கிடக்கிற ஸ்பீக்கரிலை தாளமே கேக்குதில்லை. இதுக்கு ஒரு ஓட்டை வைச்ச பெட்டி அடிக்கவேணும். அளவைக் கணக்குப் பார்த்துத் தாங்கோ.”

“கடையிலே ஆயத்தமாய் விற்கின்றார்களே, தம்பி” என்றோம்.

“கடைப் பெட்டி காருக்குச் செய்தது, சேர். கப்புக்குள்ளை போகாது.”

உண்மைதான். காருக்குப் பின்னே டிக்கி உண்டு. பெட்டி எத்துணைப் பெரிதாயினும் அதற்குள்ளே கிடக்கும். கப் வண்டியின் பின்புறமோ மழைக்கும் வெயிலுக்கும் திறந்த சாமான் தட்டு. பெட்டியை வைப்பதாயின் சாரதி இருக்கும் அறைக்குள்ளேயே வைத்தல் வேண்டும். இளைஞரின் வண்டி, முன்னாசனங்களுக்குப் பின்னே சிறிது வெளி விடப்பட்ட வகையினது. அவ்வெளியும் சதுரமானதன்று, ஆசனம் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால் கீழே அகன்றும் மேலே ஒடுங்கியும் இருந்தது.

நிற்க. ஒலிபெருக்கிக்குப் பெட்டிதான் எதற்கு என்று கேட்பாரும் உளர். கூம்பு முன்னே தள்ளும்பொழுது முன்புறத்து வளி நெருங்குகின்றது. அதே கணத்திற் பின்புறத்து வளி ஐதாகின்றது. இரண்டுக்குமிடையே தடுப்பு இல்லையாயின், முன்னே நெருங்கிய வளி விளிம்பைச் சுற்றிப் பின்னே ஓடிப் பள்ளத்தை நிரப்பிவிடும். உயர்ந்த தொனிகளில் இவ்வோட்டத்துக்கு நேரம் போதாது. தாழ்ந்த தொனிகளிலோ தாராளமாகப் போதும். ஆகவேதான் பெட்டியில்லாத ஒலிபெருக்கி பேச்சைத் தெளிவாகக் கேட்பிப்பினும் தாழ்தொனியை விழுங்கிவிடுகின்றது.

முற்றாக மூடிய பெட்டியிற் பூட்டினால் பின்புறத்து ஒலி சிறைப்படும். அதுவும் நல்ல முறையே. சிறிய பெட்டியிலே அடக்கமாகச் செய்யலாம். ஆயினும் ஒலிபெருக்கி செய்யும் வேலையிற் பாதி வீணாகின்றது. அப்பாதியையும் வெளியே கொணர்ந்து பயன்படுத்தும் வழியைத்தான் ஓட்டை வைத்த பெட்டி தருகின்றது. அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திலிருந்த அல்பேர்ட் தூராஸ் என்பார் 1930 இல் இதற்கு உரிமைப் பட்டயம் கோரி, 1932 இல் அதனைப் பெற்றார்.

பெட்டியின் சுவரிலே ஒரு குழாயைப் பொருத்தினோமாயின் அது பெரியதொரு சோடாப் போத்தலாகிவிடுகின்றது. குழாய்க்குள்ளே நிற்கும் வளி ஒரு திணிவு. பெட்டிக்குள்ளே அடைபட்ட வளி ஒரு வில். வில்லிலே தொங்கும் படிக்கல் தனக்கென்று ஒரு மீடிறனில் ஆடுவது போல, குழாய் வளியும் ஒரே ஒரு மீடிறனில் உள்ளும் புறமும் ஆட விரும்பும். ஜேர்மன் அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ், 1863 இல் வெளியிட்ட ஒலியுணர்வு பற்றிய நூலிலே இத்தகைய பரிவுக் கலங்களைக் கொண்டே இசையொலிகளைப் பகுத்துக் காட்டினார். நம் கடம் வித்துவான்களும் இதை அறிந்தவர்களே. கடத்தின் வாயை வயிற்றோடு அணைத்தும் விலக்கியும் அவர்கள் எழுப்பும் கும்மென்ற நாதம் வேறென்ன?

இப்பரிவு மீடிறனிலே ஒரு விந்தை நிகழ்கின்றது. கூம்பின் பின்புறத்து ஒலி, வில்லும் திணிவுமாகிய இத்தொகுதியினூடே வெளிவரும்பொழுது அவத்தை திரும்பி, முன்புறத்து ஒலியோடு ஒத்துழைக்கின்றது. அம்மட்டோ? அந்த மீடிறனிற் கூம்பு ஏறத்தாழ அசையாமலே நிற்க, குழாய் வளியே பெரும்பாலான ஒலியைத் தருகின்றது. முழங்குகின்ற ஒலிபெருக்கியின் கூம்பு மௌனமாக நிற்பதைக் கண்ணாற் கண்டாலன்றி நம்புவது கடினம்.

ஆனால் இதற்கொரு விலையும் உண்டு. பரிவு மீடிறனுக்குக் கீழே போனால் வில் வில்லாக நிற்பதில்லை. வளி ஓட்டையினூடே வாளாவே போய் வருகின்றது. கூம்பைத் தாங்கிப் பிடிக்க எதுவுமில்லை. அது கட்டறுந்த காளையைப் போலத் துள்ளி, கம்பிச்சுருள் பின்தகட்டில் மோதும். மூடிய பெட்டியில் இவ்வபாயம் இல்லை. எனவே, ஓட்டை வைத்த பெட்டியிலே பரிவு மீடிறன் எது என்பது இரசனையைப் பற்றிய வினா மாத்திரமன்று. ஒலிபெருக்கி பிழைக்குமா சாகுமா என்ற வினாவுமாகும்.

நெடுங்காலம் இப்பெட்டிகளைச் செய்தோர் செவிக்குப் பட்டவாறே வெட்டிப் பார்த்தனர். 1961 இல் அவுஸ்திரேலியப் பொறியியலாளர் நெவில் தீல், மின்வடிகளின் கணிதத்தை அப்படியே பெட்டிக்குப் பொருத்தி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். பத்தாண்டுகளாக அதனைக் கவனித்தோர் சிலரே. பின்னர் சிட்னிப் பல்கலைக்கழகத்திலே ரிச்சர்ட் ஸ்மோல் அவ்வேலையை விரிவாக்கினார். இன்று ஒலிபெருக்கியோடு வரும் தாளில் அச்சிடப்பட்டிருக்கும் எண்கள் இவ்விருவர் பெயராலேயே வழங்குகின்றன. அவற்றுள் மூன்று முக்கியமானவை: கூம்பு தானே விரும்பியாடும் மீடிறன்; அதன் தொங்கல் எத்தனை இலீற்றர் வளியின் விறைப்புக்குச் சமம் என்பது; ஆட்டம் எவ்வளவு விரைவில் அடங்கும் என்பதைக் குறிக்கும் கியூ என்னும் எண். இக்கியூ 0.4 ஐ அண்டியோ அதற்குச் சற்றுக் குறைந்தோ இருந்தால் ஓட்டை வைத்த பெட்டி பொருந்தும், 0.5 ஐத் தாண்டினால் மூடிய பெட்டியே மேல். இளைஞரின் ஒலிபெருக்கியில் 0.39 என்றிருந்தது. 35 இலீற்றர் வளியும் 36 ஹேர்ட்ஸ் பரிவும் அதற்கு ஏற்றவை எனக் கண்டோம்.

36 ஹேர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 9.7 மீற்றர். கப் வண்டியின் அறையோ மூன்று மீற்றர் நீளமும் இல்லாதது. அலை முழுதாக விரிய இடமில்லாத இத்தகைய சிறு அறையிலே, ஒலிபெருக்கி உள்ளிருக்கும் வளி முழுவதையும் ஒரேயடியாக அமுக்கித் தளர்த்துகின்றது. ஆகவே தாழ்தொனிகள் இலவசமாகவே பெருகுகின்றன. வீட்டு மண்டபத்தில் மெலிந்து கேட்கும் பெட்டி வண்டிக்குள்ளே இடியாக முழங்குவது இதனாலேதான். இந்த இலவசத்தை எண்ணிப் பரிவு மீடிறனை மிகத் தாழ்த்தவேண்டியதில்லை என்பதும் ஒரு வசதி.

குழாயின் நீளத்தைக் காணும் கணக்கு இது. ஒலியின் வேகத்தை வர்க்கித்து, குழாய் வாயின் பரப்பாற் பெருக்குக. பின், மீடிறனை வர்க்கித்து, பெட்டியின் கனவளவாற் பெருக்கி, அதனை மீண்டும் 39.5 ஆற் பெருக்குக. முன்னதைப் பின்னதால் வகுத்தால் வருவது குழாயின் பயன்படு நீளம். குழாயின் இரு முனைகளுக்கும் வெளியேயுள்ள சிறிதளவு வளியும் உடன் ஆடுவதால், குழாயின் ஆரையைப்போல் 1.46 மடங்கை இதிலிருந்து கழித்தல் வேண்டும். எங்கள் ஊர் வெப்பத்தில் ஒலியின் வேகம் செக்கனுக்கு 349 மீற்றர் எனக் கொண்டோம்.

குழாய் எவ்வளவு அகலமானது? மூன்று அங்குலக் குழாய் எனின் நீளம் குறுகும். செலவும் இடமும் மிச்சம். ஆனால் ஒடுங்கிய வாயினூடே வளி விரைந்தோடும்போது புஸ்ஸென்று சீறும். செக்கனுக்கு 17 மீற்றருக்குள்ளே, அதாவது ஒலிவேகத்தின் இருபதில் ஒரு பங்குக்குள்ளே, அவ்வோட்டத்தை அடக்குதல் வேண்டும் என்பது தொழிலறிந்தோர் வழக்கு. ஆகவே வீட்டுக் கழிவுநீருக்குப் பூட்டும் நாலங்குல பி.வி.சி. குழாயைத் தெரிந்தோம். அதன் உள்விட்டம் 10 சென்ரிமீற்றர், வெளிவிட்டம் 11.

அடுத்து ஆசாரியாரை அழைத்தோம். அறுபது வயதைத் தாண்டிய, எங்கள் வீட்டுக் கதவு நிலைகளைச் செய்து தந்த மூத்த தச்சாசாரியார் அவர். கப் வண்டியை முற்றத்தில் நிறுத்தி, நாம் தாளோடும் பேனாவோடும் நிற்க, அவர் அளவுகளை உரத்துச் சொன்னார். நீளம் 90 சென்ரிமீற்றர், உயரம் 40, அடிப்பாகத்தின் ஆழம் 20, மேற்பாகத்தின் ஆழம் 14. சாய்ந்த பெட்டியாதலால் ஆழத்துக்குச் சராசரி 17 எனக் கொண்டு, மூன்றையும் பெருக்கினோம். 61 இலீற்றர் வந்தது. வேண்டியது 35 ஆக, இருப்பதோ 61! இடம் தாராளம் என்று மகிழ்ந்து, “கிடைத்த கனவளவு முழுவதையும் பயன்படுத்துவோம்” என்று கூறி, 61 இலீற்றருக்குக் குழாயைக் கணித்தோம். 23 சென்ரிமீற்றர்.

பலகை பற்றி ஒரு வார்த்தை. எம்.டி.எப். என்னும் தூள் பலகையை மேனாட்டார் விரும்புவர். அது சீரானது, அதிர்ந்து பேசாதது. ஆனால் மாரி காலத்து ஈரலிப்பில் ஊறி உப்பிவிடும். 18 மில்லிமீற்றர் ஒட்டுப்பலகையையே நாம் பரிந்துரைத்தோம். ஆசாரியார் மூட்டுக்களுக்குப் பசை பூசி, ஒரு சாண் இடைவெளியில் திருகாணி இறுக்கி, உள்மூலைகளை மீண்டும் பசையால் அடைத்தார். ஊசித்துவாரம் இருந்தாலும் வளி சீறும் என்று நாம் சொல்லவே தேவைப்படவில்லை.

ஆறாம் நாள் மாலை பெட்டியை வண்டியில் ஏற்றிப் பாட்டைப் போட்டோம். முழக்கம் இருந்தது. அயல்வீட்டுப் பிள்ளைகள் ஓடிவந்து கைதட்டினர். இளைஞரின் முகம் மாத்திரம் மலரவில்லை.

“சேர், சத்தம் வருகுது. ஆனால் எல்லாப் பாட்டும் ஒரே சத்தமாய் வருகுது.”

உண்மை. எந்தப் பாட்டைப் போட்டாலும் ஒரே சுரத்திலே குடம் உருட்டுவது போல் இருந்தது. மற்றொரு பாட்டிலே பேஸ் கிற்றார் படிப்படியாகக் கீழிறங்கி, அதன் அடித்தந்தியைத் தொட்டவுடன் பெட்டிக்குள்ளிருந்து டக், டக்கென்று ஒரு வறட்டுச் சத்தம் எழுந்தது. இளைஞர் பாய்ந்து நிறுத்தினார். அவருடைய கை நடுங்கியதைக் கண்டோம். பேஸ் கிற்றாரின் அடித்தந்தி 41 ஹேர்ட்ஸ். 36 க்கு மேலே அல்லவா அது? அங்கே கூம்பு அடங்கி நிற்கவேண்டியிருக்க, ஏன் மோதிற்று?

பெட்டியை இறக்கி, கூம்பு மேலே நோக்குமாறு மல்லாத்தி, அதன்மேல் ஒரு பிடி நெற்பொரியைத் தூவினோம். கைத்தொலைபேசியிலே தொனி பிறப்பிக்கும் செயலியொன்றை இயக்கி, ஒலியை மிகக் குறைத்து, 60 ஹேர்ட்ஸிலிருந்து ஒவ்வொன்றாக இறக்கி வந்தோம். பொரி துள்ளிக்கொண்டே வந்து, 46 இல் அடங்கிற்று. குழாய் வாயிற் பிடித்த கடதாசித் துண்டோ அங்கேதான் மிக வேகமாகப் படபடத்தது. அதற்குக் கீழே 40 இல் பொரி முழுவதும் தரையிற் சிந்திற்று. பெட்டியின் பரிவு 36 அன்று, 46. பத்து ஹேர்ட்ஸ் பிழை! இன்னும் சற்று உரத்துப் பாடியிருப்பின் இளைஞரின் பல மாதச் சேமிப்பு அன்றே எரிந்திருக்கும்.

அன்றிரவு எமக்கு நித்திரை வரவில்லை. கணக்கை மும்முறை செய்தோம். மும்முறையும் 23 சென்ரிமீற்றரே வந்தது. நாலாம் முறைதான், பரீட்சை வினாக்களின் ஈற்றிலே நாமே ஆண்டுதோறும் எழுதும் ஒரு தொடர் மனத்திலே தட்டிற்று: ‘கலத்தின் சுவர்த்தடிப்பு புறக்கணிக்கத்தக்கது.’

கண்ணாடிக் கலத்துக்கு அது பொருந்தும். இங்கே சுவர் 18 மில்லிமீற்றர். இரு பக்கமும் கழித்தால் 90 என்பது 86.4, 40 என்பது 36.4, 17 என்பது 13.4. பெருக்கினால் 42 இலீற்றர்தான்! பத்தொன்பது இலீற்றரை, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை, பலகையே விழுங்கிவிட்டது. ஒலிபெருக்கியின் உடல் மேலும் 2 இலீற்றரை அடைக்கும். குறுக்குச் சட்டங்கள் முக்கால் இலீற்றர். குழாய் இரண்டு இலீற்றருக்கு மேல். எஞ்சுவது 37 இலீற்றர். அதற்கு 23 சென்ரிமீற்றர்க் குழாய் பூட்டினால் பரிவு 46 ஹேர்ட்ஸ். நெற்பொரி பொய் சொல்லவில்லை.

காலையில் இருவரையும் அழைத்து, பிழை எம்முடையதே என்று சொன்னோம். ஆசாரியார் வெற்றிலையை மென்றபடி, “முக்கால் அங்குலப் பலகை, கழிச்சுப் பிடியுங்கோ எண்டு அண்டைக்கே சொன்னனான், மாஸ்ரர். நீங்கள் எழுதிக்கொண்டு நிண்டனீங்கள்” என்றார். எமக்கு மறுமொழி இல்லை.

திருத்தம் எளிதாகவே தோன்றிற்று. 37 இலீற்றருக்குப் புதிதாகக் கணித்தால் 43 சென்ரிமீற்றர்க் குழாய். “43 க்கு வெட்டுவோம்” என்று தாளை மடித்தோம். அப்பொழுது இளைஞர் மெல்லக் குறுக்கிட்டார்.

“சேர், குழாய் நீண்டால் அதுவும் இடம் பிடிக்குமே? அப்ப பெட்டி இன்னும் சின்னனாகும். சின்னனானால் குழாய் இன்னும் நீளவேணுமெல்லோ?”

பௌதிகவியலிற் சித்தியெய்தாதவர் என்று மேலே எழுதினோம். வகுப்பிலே அவரை ஒரு நாளேனும் எழுப்பி வினாவியதாக எமக்கு நினைவில்லை. தாளை மீண்டும் விரித்து, பேனாவை அவரிடமே கொடுத்தோம். 43 சென்ரிமீற்றர்க் குழாயைக் கழித்தால் கனவளவு 35.3 இலீற்றர், அதற்கு வேண்டிய குழாய் 45½. அதைக் கழித்து மறுபடியும் கணித்தால் 46. இன்னொரு முறை செய்தாலும் 46 ஐ விட்டு அசையவில்லை. எஞ்சிய கனவளவு சரியாக 35 இலீற்றர். ஆரம்பத்தில் ஒலிபெருக்கிக்கு ஏற்றதெனக் கண்ட அதே அளவு. இது எம்முடைய திறமையன்று, தற்செயலான நல்லூழ்.

46 சென்ரிமீற்றர்க் குழாய் 86 சென்ரிமீற்றர் உள்நீளத்திலே நேராகவே கிடந்தது. முழங்கை மூட்டுத் தேவைப்படவில்லை. உள்முனைக்கு எதிரே குழாயின் விட்டமளவுக்காவது வெளி இருத்தல் அவசியம். அங்கே 40 சென்ரிமீற்றர் இருந்தது, அதிலே ஒலிபெருக்கியும் அமர்ந்தது. வெளிமுனைக்கும் வண்டியின் பக்கச் சுவருக்குமிடையே நாலங்குலம் விட்டோம். குழாயின் வெளிவாயை ஆசாரியார் அரத்தால் உருட்டி மழுக்கினார். கூரிய விளிம்பு சீறலைக் கூட்டும்.

மறுபடியும் பொரியைத் தூவினோம். 37 ஹேர்ட்ஸில் அடங்கிற்று. ஒரு ஹேர்ட்ஸ் வித்தியாசத்தைப் பற்றி இளைஞர் கவலைப்பட்டார், ஆசாரியார் படவில்லை, நாம் ஆசாரியாரின் பக்கம் நின்றோம். பெருக்கியிலே 30 ஹேர்ட்ஸுக்குக் கீழுள்ளவற்றை வெட்டும் வடியையும் இயக்கிவிட்டோம்.

இதனைச் செய்ய எண்ணுவோர் இரண்டைக் கவனிக்க. ஒலிபெருக்கியோடு பெட்டி ஏறத்தாழ 20 கிலோ நிறையுடையது. சடுதியாகத் தடை பிடித்தால் அது சாரதியின் முதுகை நோக்கியே பாயும். ஆகவே வண்டியின் தளத்தோடு ஆணி பூட்டி இறுக்குவது கட்டாயம். அடுத்தது மின்சாரம். 300 உவாற்று பெருக்கி 12 உவோற்று மின்கலத்திலிருந்து 25 அம்பியருக்கு மேல் இழுக்கும். தடித்த கம்பியும், மின்கலத்தை அண்டி ஒன்றரை அடிக்குள்ளே ஓர் உருகியும் இல்லாமல் இவ்வேலையில் இறங்கவேண்டாம். கம்பி எங்கேனும் உரசித் தோலுரிந்தால் தீப்பிடிப்பது ஒலிபெருக்கி அன்று, வண்டி.

அன்றிரவே இளைஞர் கொழும்புக்குப் புறப்பட்டார். மறுநாட் காலை அங்கிருந்து தொலைபேசியில் அழைத்தார். பாட்டு நன்றாயிருந்ததாம், பேஸ் கிற்றார் இறங்கிய படிகளை ஒவ்வொன்றாக எண்ணினாராம். ஆனால் மாங்குளம் கடந்ததிலிருந்து இடப்பக்கக் கதவின் உள்மட்டை கிறுகிறுவென்று அழுகின்றதாம். அதற்கென்ன கணக்கு என்று கேட்டார். கணக்கு இல்லை, மட்டையைக் கழற்றிப் பின்னே பழைய கம்பளித் துணியை ஒட்டுக என்றோம்.